அப்பா பேரில் உள்ள வீட்டை விற்கும் முன்

மதுரையில் அப்பா கட்டிய வீட்டை அம்மாவும் தம்பியும் நானும் விற்று முடிக்க எட்டு மாதம் ஆனது. விலை பேசியது பத்தே நாளில். மீதி நாளெல்லாம் காகிதத்துக்கே போனது. அதனால் புரோக்கரிடம் போகுமுன் வில்லங்கம் போட்டுப் பாருங்கள்; அதாவது, சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் காட்டும் சான்று. பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்த்துவிடலாம்.

எங்கள் வில்லங்கத்தில் 2013-இல் மாடி எடுக்க வாங்கிய கடன் அடமானமாகவே நின்றது. கடன் கட்டி முடித்து, மூலப்பத்திரமும் பீரோவுக்கு வந்துவிட்டது. ஆனால் கடன் தீர்ந்ததற்கான ரசீதுப் பத்திரத்தை யாரும் பதியவில்லை. வங்கி அதிகாரி பத்திர ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவரை வரவழைக்கவே ஐந்து வாரம் அலைந்தேன்.

அடுத்தது வாரிசுச் சான்று. இதை நிதானமாகப் படியுங்கள். அப்பா உயில் எழுதவில்லை. அவர் இறந்தபோது எங்கள் அப்பத்தா உயிரோடு இருந்தார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, மகன் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மனைவி, பிள்ளைகளோடு பெற்ற தாய்க்கும் சம பங்கு உண்டு. ஆக, அந்த வீட்டில் நாலில் ஒரு பங்கு அப்பத்தாவுடையது. இரண்டு வருடம் கழித்து அவரும் உயில் இல்லாமல் போய்ச் சேர்ந்தார். அவருடைய பங்கில் அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் உரிமை வந்துவிட்டது. வாங்குபவரின் வக்கீல் சொன்ன பிறகுதான் எங்களுக்கு இது தெரிந்தது. அவர்கள் இருவரும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து எங்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். சிவகாசியிலிருந்து பஸ்ஸில் வந்த அத்தை, ரேகை தேய்ந்த விரலைப் பத்திர ஆபீசின் கைரேகை மெஷினில் நாலு தடவை வைத்து எடுத்தார். வாரிசுச் சான்றில் பாட்டி பெயர் இருக்கிறதா என்று உங்கள் வீட்டிலும் முதலில் பாருங்கள்.

பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். பத்திரத்திலும் பட்டாவிலும் இனிஷியல், சர்வே எண் இரண்டும் ஒத்துப்போகிறதா என்று விரல் வைத்துச் சரிபாருங்கள். வீட்டு வரி, தண்ணீர் வரி, கரண்ட் பில் ரசீதுகள் நிலுவையில்லாமல் இருந்தால் போதும்.

பணம் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள், அட்வான்ஸாக இருந்தாலும். மாட்டினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் டிடிஎஸ் (விற்பவர் பேரில் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக் கட்டுவார். அதற்கு விற்பவர் ஒவ்வொருவரின் பான் கார்டும் வேண்டும். அம்மாவுக்கு பான் கார்டே இல்லை. விலை பேசிய பிறகுதான் விண்ணப்பித்தோம். நீங்கள் இன்றைக்கே விண்ணப்பித்து விடுங்கள்.