ஈரக் காட்டில் அணைந்துபோகும் தீமூட்டி: வீட்டில் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலு லங்காட் ஆற்றோரமானாலும் சரி, பினாங்கு தெலுக் பஹாங்கிலிருந்து நடந்து போகும் பந்தாய் கெராச்சுட் கரையானாலும் சரி, கூடாரம் அடித்துத் தங்கப் போகிறவர்கள் பலர் இப்போது தீமூட்டியை, அதாவது விறகு பற்ற முதலில் கொளுத்தி அடியில் வைக்கும் சிறு பொருளை, வீட்டிலேயே செய்து எடுத்துப் போகிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் சமையலறை மேடையில் அழகாகப் பற்றும் அதே தீமூட்டி, காட்டில் விறகைச் சூடாக்கக்கூட நேரமில்லாமல் அணைந்துவிடுகிறது.

காரணம் நம் மலேசியக் காற்றின் ஈரம். கூரைக்கடியில் மாதக்கணக்கில் கிடந்த விறகில்கூட இங்கே ஈரம் 15 விழுக்காட்டுக்குக் கீழே இறங்குவது அரிது. பிற்பகல் இடிமழையில் நனைந்த சுள்ளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிப் போகும்வரை மரம் பற்றாது. பற்றுவது வேறு, நின்று எரிவது வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது. ஒரு தீமூட்டி ஐந்து நிமிடமாவது எரிய வேண்டும். பத்து நிமிடம் எரிந்தால் நிம்மதி.

சூடத்தை மட்டும் நம்பிப் போவதுதான் நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு. பூசை அறையில் எப்போதும் இருக்கும் பொருள். தண்ணீரில் மிதந்தபடியே எரியும். அதனால் நம்பிக்கை வந்துவிடுகிறது. ஆனால் ஒரு சிறு வில்லை ஓரிரு நிமிடத்தில் முடிந்துபோகும். மெழுகுத் தீமூட்டியின் மேல் ஒரு வில்லை வைத்துப் பற்றவைத்தால் அதுதான் சரியான பயன்பாடு. பிரித்த பொட்டலத்தை அப்படியே பையில் போட்டால் சூடம் காற்றில் கரைந்து சிறுத்துவிடும். திருகு மூடி போட்ட குப்பியில் வையுங்கள். குழந்தைக்கு எட்டும் இடத்தில் வேண்டவே வேண்டாம், சிறிதளவு விழுங்கினாலே வலிப்பு வரலாம். பார்க்க ஒன்றுபோல இருக்கிறது என்று துணி அலமாரி உருண்டையை எரிக்காதீர்கள். அது நாப்தலீன், அதன் புகை நச்சு.

தோட்டப்புறங்களில் விறகடுப்புக்கு ஒட்டுப்பால் துண்டு போட்டுப் பற்றவைத்த பழக்கம் இன்னும் சிலருக்கு நினைவிருக்கும். பால்மரக் காயத்தில் உறைந்த அந்த ரப்பர் மழையிலும் பற்றும், நின்றும் எரியும். கரும்புகைதான் அதன் குறை. புகை அடங்கி விறகு கனன்ற பிறகே மீனையோ கோழியையோ மேலே வைக்க வேண்டும்.

பஞ்சும் வாசலினும் சேர்ந்தது எளிய முறை. அதில் கெடுவது இரண்டு இடத்தில். முகப்பூச்சுக்கு விற்கும் உருண்டைகள் சில பாலியெஸ்டர். அவை பற்றாமல் உருகிச் சுருங்கும். உறையில் 100 விழுக்காடு பருத்தி என்று இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது, பஞ்சை வாசலினில் முழுக்காட்டுவது. ஓர் உருண்டைக்கு அரைத் தேக்கரண்டி போதும். வெளிப்பக்கம் தேய்த்துப் பிசைந்து, நடுவே கொஞ்சம் காய்ந்த பஞ்சை விட்டுவிட வேண்டும். பற்றவைக்கும்போது உருண்டையைப் பிய்த்து அந்தக் காய்ந்த இழையை வெளியே இழுங்கள். இழைதான் திரி, வாசலின் எண்ணெய். திரி இல்லாத விளக்கு எரியுமா? இப்படிச் செய்தது நான்கைந்து நிமிடம் நிற்கும்.

நீண்ட நேரத்துக்கு முட்டை அட்டைதான். காகிதக் கூழில் செய்த அட்டையாக இருக்கட்டும். பிளாஸ்டிக்கும் நுரை அட்டையும் ஆகாது. 12 குழிக்குச் சுமார் 200 கிராம் மெழுகு, குழிகளைத் தளர்வாக நிரப்பும் அளவு மரத்தூள். தூளை முதலில் இரண்டு நாள் வெயிலில் காயவையுங்கள். ஈரத்தூளின் மேல் மெழுகு ஊற்றினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு, எரியும்போது படபடவென்று தெறிக்கும். ஒட்டுப்பலகைத் தூளில் பசை இருக்கிறது, கறையான் மருந்து ஏற்றிய மரத்தின் தூளில் நச்சு இருக்கிறது, இரண்டும் வேண்டாம். காய்ந்த தேங்காய் நாரைப் பொடியாக நறுக்கிப் போட்டாலும் நன்றாகவே எரியும். மெழுகைக் குழி நிறைய ஊற்றுவது பெருந்தவறு. தூள் ஒட்டிக்கொள்ளும் அளவு போதும், அட்டையின் விளிம்பு காய்ந்தே இருக்க வேண்டும். அங்கேதான் நெருப்பு முதலில் பிடிக்கும்.

மெழுகைச் சட்டியில் போட்டு நேரே அடுப்பில் வைப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. மெழுகு கொதித்து எச்சரிக்காது. ஏறக்குறைய 200 டிகிரியில் அதன் ஆவி பற்றிக்கொள்ளும். பழைய பால் டின்னில் மெழுகைப் போட்டு, அந்த டின்னைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் நிறுத்துங்கள். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்ட விடாது. நீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவேளை பற்றிவிட்டால் அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள். தண்ணீர் ஊற்றினால் அது நொடியில் ஆவியாகி எரியும் மெழுகைக் கூரைவரை வீசும்.

தூளில் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ கலக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். பைக்குள் கசியும் பெட்ரோல் ஆவி தரையோடு பரவி, தொலைவில் இருக்கும் அடுப்பிலும் பற்றும்.

ஃபெரோ ராட் (உரசினால் பொறி பறக்கும் உலோகக் குச்சி) வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. மெழுகு அட்டையைப் பொறியால் பற்றவைக்க முடியாது, அதற்குச் சுடர் வேண்டும். பொறிக்குப் பிரித்த பஞ்சுதான் துணை. ஆகவே இரண்டு வகையும் பையில் இருக்கட்டும், கூடவே இரண்டு லைட்டர். தீப்பெட்டியின் உரசும் பக்கம் நம் ஈரத்தில் ஒரே இரவில் நமுத்துவிடும்.

வெயிலில் நிறுத்திய காரில் தீமூட்டியை விட்டுப் போகாதீர்கள். உள்ளே 50 டிகிரி தாண்டுவது சாதாரணம். வாசலின் உருகி வழிந்துவிடும்.

போவதற்கு முன் சோதனை செய்யாமல் இருப்பதும் தவறுதான். ஒரு தீமூட்டியை வெளியிடத்தில் பற்றவைத்து நேரம் பாருங்கள். மேலே ஈரச் சுள்ளி நான்கைந்து வையுங்கள். சுள்ளி பற்றுவதற்குள் முட்டை அட்டைத் தீமூட்டி அணைந்தால் தூள், மெழுகு அளவை மாற்றிப் பாருங்கள்.

காட்டில் தீ மூட்ட அனுமதி உண்டா என்று முகாம்காரரிடமோ வனத்துறையிடமோ முதலில் கேளுங்கள். புகைமூட்டக் காலத்தில் திறந்தவெளி எரிப்புக்குத் தடை வரும். ஈர மண்ணில் தீமூட்டியை வைத்தால் மண் சூட்டை உறிஞ்சிவிடும், பிளந்த மூங்கிலை அடியில் பரப்புங்கள். கணு மூடிய மூங்கிலை முழுசாகப் போட்டால் உள்ளே அடைபட்ட காற்றும் நீராவியும் அதை வெடிக்கவைக்கும். தரையில் கிடப்பதை விட்டு, நின்றபடியே காய்ந்த மரத்தின் கிளையைப் பிளந்து உள்கட்டையை எடுங்கள். கறுத்துப்போகும் பால் வடியும் ரெங்காஸ் மரத்தைத் தொடவே கூடாது. பால் பட்டால் தோல் புண்ணாகும், புகையும் அப்படியே.

கூடாரத்துக்குள் எதையும் எரிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. கிளம்பும்போது சாம்பலில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னொரு வாளி.