போலந்துக் கதையில் நாம் சறுக்கும் இடங்கள்

முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கான ஒரு வகுப்பில் போலந்தில் 1980 வேலைநிறுத்தத்தில் பிறந்த சாலிடாரிட்டி தொழிற்சங்கத்தைப் பற்றிப் பேசப் போயிருந்தேன். பாதிப் பேர் மடியில் சுளகு. காது என் பக்கம், கை இலைப் பக்கம். ‘லெக் வலேசா என்ற எலக்ட்ரீஷியன் வேலைநிறுத்தத்தில் சேரக் கப்பல் தளத்துச் சுவரேறிக் குதித்தார்’ என்று ஆரம்பித்தேன். முதல் தவறே அதுதான்.

வலேசாவில் தொடங்கினால் அன்னா வாலென்டினோவிச் காணாமல் போய்விடுவார். கிரேன் ஓட்டியவர். ஓய்வுபெற ஐந்தே மாதம் இருக்கும்போது வேலையைப் பறித்தார்கள். 1980 ஆகஸ்ட் 14 அன்று க்டான்ஸ்க் நகரின் கப்பல் கட்டும் தளத்தில் வேலை நின்றது அவரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லித்தான்.

அடுத்து, கூலி உயர்ந்ததுமே ஜெயித்துவிட்டதாகச் சொல்வது. மூன்றாம் நாளே நிர்வாகம் இறங்கி வந்தது. வலேசாவும் வேலைநிறுத்தம் முடிந்தது என்று அறிவித்துவிட்டார். டிராம் ஓட்டுநர் ஹென்ரிகா க்ஷிவோனோஸ் விடவில்லை: பெரிய தளம் வாங்கிக்கொண்டு கிளம்பினால் சின்ன இடங்களை நசுக்கிவிடுவார்களே? பெண்கள் சிலர் ஓடிப்போய் வாசலில் ஆட்களை மறித்தார்கள். அன்றிரவு பல ஆலைகளுக்கும் சேர்த்து ஒரே வேலைநிறுத்தக் குழு அமைந்தது. அரசியல் அங்கேதான் பிறந்தது என்பேன்.

அவர்கள் கேட்டது முதலாளித்துவம் என்பார்கள் சிலர். அந்தக் குழு வைத்த 21 கோரிக்கைகளில் ஆலையைத் தனியாரிடம் கொடு என்று ஒன்றுகூட இல்லை. இறைச்சிக்கு ரேஷன், சனிக்கிழமை லீவு, குழந்தைகள் காப்பகம் எல்லாம் உண்டு. முதல் கோரிக்கை, ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியைச் சாராத சங்கம். அங்கே நிர்வாகமும் கட்சி, சங்கமும் கட்சி. புகார் கொடுக்கப் போனால் அதே ஆள்தான் வாங்கிக்கொள்வார்! அதனால் சங்கம் கேட்பதே ஆட்சியைத் தொடுவதாக ஆனது.

தெருவுக்கு வராததைப் பயம் என்று நினைக்கவும் கூடாது. 1970 டிசம்பரில் தெருவில் இறங்கியவர்களைச் சுட்டார்கள். அதனால் இந்த முறை உள்ளேயே உட்கார்ந்துகொண்டு, துணைப் பிரதமரோடு நடந்த பேச்சுவார்த்தையை ஒலிபெருக்கியில் எல்லாரும் கேட்கும்படி வைத்தார்கள்.

அப்புறம், 1980இலிருந்து சாலிடாரிட்டி ஜெயித்த 1989 தேர்தலுக்கு ஒரே தாவாகத் தாவுவது. நடுவில் 1981 டிசம்பர் 13 ராணுவச் சட்டம், சிறை, தலைமறைவு எல்லாம் இருக்கிறது.

முடித்ததும் ஒரு அக்கா கேட்டார்: “அண்ணாச்சி, அவுகளுக்கு மறிக்க ஒரு கேட் இருந்துச்சு. நாங்க வீட்டுல இருந்துல்லா சுத்துதோம். எந்தக் கேட்ட மறிக்க?”

சரியான அடி. நான் கொண்டுபோன நோட்டில் அதற்குப் பதில் இல்லை. வீட்டில் சுற்ற இலை கொடுக்கும் பீடிக்கடைகள் ஊரில் எத்தனை என்று அவர்களே எண்ண ஆரம்பித்தார்கள்.