ஜிசிசி தரும் பொய் எச்சரிக்கை: எங்கே, எப்படி அடக்குவது?

ஜிசிசி என்பது சி நிரலை கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர். மதிப்பு வைக்காத மாறியைப் பயன்படுத்துகிறீர்களோ என்று அது சந்தேகப்பட்டால் ‘மேபி-அன்இனிஷியலைஸ்டு’ எச்சரிக்கை வரும். சி நிரலில் அதிகம் அலைக்கழிக்கும் பொய் எச்சரிக்கை இதுதான், அதனால் இதையே எடுத்துக்கொள்வோம். கட்டளைகள் இங்கே தமிழ் எழுத்தில் இருக்கின்றன. நிரலில் ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

படி 1: பெயரைப் பிடியுங்கள்

எச்சரிக்கை வரியின் கடைசியில், சதுர அடைப்புக்குள் பெயர் இருக்கும். அடக்க வேண்டியது அதை மட்டும்தான். எல்லா எச்சரிக்கையையும் ஒரேயடியாக வாயடைக்கும் சின்ன எழுத்து ‘-டபிள்யூ’ பக்கமே போகாதீர்கள். சோதிக்கும்போது -ஓ2 (நிரலை வேகமாக ஓடும்படி ஆப்டிமைஸ் செய்யச் சொல்லும் ஃபிளாக்) இருக்கட்டும். ஆப்டிமைஸ் செய்யும்போதுதான் ஜிசிசி மாறிகளின் போக்கைப் பின்தொடர்கிறது. ஆப்டிமைஸ் செய்யாத -ஓ0 வைத்ததும் எச்சரிக்கை மறைந்தால் பிழை தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

படி 2: பொய்தானா என்று பாருங்கள்

பலரும் தாண்டிப் போகும் இடம் இது. உதாரணமாக, ஒரு ஸ்டேட்டிக் ஃபங்ஷன், பாயின்டர் வழியாக உங்கள் மாறியில் மதிப்பை நிரப்புகிறது. தோல்வியானால் நிரப்பாமலே பிழை எண்ணைத் திருப்புகிறது. அந்த ஃபங்ஷனுக்குள்ளே ‘எண் 0 இல்லையென்றால் திரும்பு’ என்று இருக்கிறது. அழைக்கும் இடத்திலோ ‘எண் 0-ஐவிடக் குறைவு என்றால் திரும்பு’ என்று எழுதியிருக்கிறீர்கள். பிழை எண் எப்போதும் எதிர்மறைதான் என்பது உங்களுக்குத் தெரியும், கம்பைலருக்குத் தெரியாது. 1 திரும்பி வந்தால்? மாறி நிரம்பியிருக்காது, நிரல் அதைப் பயன்படுத்தும். அந்த வழியைத்தான் ஜிசிசி பார்க்கிறது. இரண்டு இடத்திலும் ஒரே சோதனையை, ‘0 இல்லையென்றால்’ என்று வையுங்கள். எச்சரிக்கை பெரும்பாலும் தானே போய்விடும்.

குளோபல் மாறியை வைத்து இரண்டு இஃப் எழுதி, ஒன்றில் மதிப்பு வைத்து மற்றதில் பயன்படுத்தினாலும் இதே கதைதான். நடுவில் அழைக்கப்படும் ஃபங்ஷன் அந்த குளோபலை மாற்றிவிடலாம் அல்லவா? முதலிலேயே ஒரு லோக்கல் மாறியில் நகலெடுத்து, இரண்டு இஃபிலும் அதையே சோதியுங்கள்.

எச்சரிக்கை போகட்டும் என்று மாறியை அறிவிக்கும்போதே கண்ணை மூடிக்கொண்டு ‘= 0’ போடுவதை நான் ஏற்கமாட்டேன். நாளைக்கு யாராவது ஒரு கிளையில் மதிப்பு வைக்க மறந்தால், கம்பைலரும் சொல்லாது, நிரலை ஓடவிட்டு நினைவகப் பிழை தேடும் வால்கிரைண்டும் சொல்லாது; தவறான 0 மட்டும் அமைதியாக ஓடும். லினக்ஸ் கெர்னலில் இந்த எச்சரிக்கையை அடக்கவே ‘அன்இனிஷியலைஸ்டு_வார்’ என்ற மேக்ரோ இருந்தது. உண்மைப் பிழைகளையும் மறைக்கிறது என்று 2020-இல் அதை நீக்கினார்கள்.

படி 3: வேறு வழியில்லை என்றால் பிராக்மா (நிரலுக்குள்ளேயே கம்பைலருக்குத் தரும் கட்டளை)

#பிராக்மா ஜிசிசி டயக்னோஸ்டிக் புஷ்
#பிராக்மா ஜிசிசி டயக்னோஸ்டிக் இக்னோர்டு "-டபிள்யூமேபி-அன்இனிஷியலைஸ்டு"
(ஃபங்ஷன் முழுவதும்)
#பிராக்மா ஜிசிசி டயக்னோஸ்டிக் பாப்

தடுக்கி விழும் இடம்: மாறியை அறிவிக்கும் வரியைச் சுற்றி இதைப் போடுவது. எச்சரிக்கை பிறப்பது மாறியைப் பயன்படுத்தும் வரியில். அறிவித்த வரி வெறும் குறிப்பாகத்தான் கீழே காட்டப்படும். ஃபங்ஷன் இன்லைன் ஆனால் (அதன் நிரல் அழைக்கும் இடத்திலேயே செருகப்பட்டால்) அந்த வரி எண்ணும் இடம் மாறலாம். அதனால் ஃபங்ஷனுக்கு வெளியே, முன்னும் பின்னும் வைப்பதே பத்திரம். பாப் மறந்தால் கோப்பின் மிச்சம் முழுவதும் இந்த எச்சரிக்கை ஊமையாகிவிடும். மேக்ரோவுக்குள் வேண்டுமென்றால் #பிராக்மா செல்லாது. சி99 தந்த ‘_பிராக்மா’ ஆபரேட்டரைப் பயன்படுத்துங்கள்.

கிளாங் என்ற இன்னொரு கம்பைலரிலும் கம்பைல் செய்கிறீர்களா? ஜிசிசி பிராக்மாவை அது படிக்கும், ஆனால் ‘மேபி-அன்இனிஷியலைஸ்டு’ என்ற பெயர் அதற்குத் தெரியாது; தெரியாத பெயர் என்று புதிதாக ஓர் எச்சரிக்கை தரும். ஜிசிசி தன்னை ‘__ஜிஎன்யூசி__’ என்ற மேக்ரோ மூலம் அறிவிக்கும், கிளாங்கும் அப்படியே அறிவிக்கும். ஆகவே அதோடு ‘__கிளாங்__’ இல்லை என்பதையும் சேர்த்துச் சோதித்து பிராக்மாவைப் போடுங்கள்.

பிறர் எழுதிய ஹெடரிலிருந்து எச்சரிக்கை வந்தால் இவ்வளவு பாடு வேண்டாம். அந்த டைரக்டரியை -ஐ-க்குப் பதிலாக -ஐசிஸ்டம் மூலம் கொடுத்தால் பெரும்பாலும் போதும்.

மேக்ஃபைலில் ஓர் எச்சரிக்கையை அணைக்க ‘-டபிள்யூநோ-’ ஃபிளாக் எழுதும்போது எழுத்துப்பிழை பாருங்கள். தெரியாத பெயரை ‘நோ’ வடிவில் கொடுத்தால், வேறு எச்சரிக்கை எதுவும் வராதவரை ஜிசிசி வாய் திறக்காது.