யாழ்ப்பாணத்து வீட்டில் பொட்காஸ்ட் பதிவு

பதிவில் கெட்டதை எடிட்டிங்கில் சரிசெய்யலாம் என்று நம்பித்தான் பல பொட்காஸ்ட்கள் கெட்டுப்போகின்றன. எதிரொலியோ பின்னால் ஒலிக்கும் பாட்டோ குரலோடு கலந்துவிட்டால், அதைப் பிரித்தெடுக்கப் படும் கஷ்டத்தைவிட மறுபடி பதிவு செய்வது சுகம்.

முதலில் அறை. சீமெந்துத் தரையும் உயர்ந்த கூரையுமான ஹோல் வெயிலுக்கு நல்லது, குரலுக்கு ஆகாது. நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். தட்டிய பிறகும் சத்தம் வால்போல நீண்டால் அந்த அறை வேண்டாம். மெத்தையும் துணி அலுமாரியும் உள்ள படுக்கையறைக்குப் போங்கள். அலுமாரிக் கதவைத் திறந்து வையுங்கள். கதைப்பவரின் முதுகுக்குப் பின்னால் இரண்டு கதிரைகளில் தடித்த போர்வையை உயரமாகத் தொங்கவிடுங்கள். மைக் பார்த்துக்கொண்டிருப்பது அந்தப் பக்கத்துச் சுவரைத்தான், எதிரொலியும் அங்கிருந்துதான் திரும்புகிறது.

மின்விசிறியை நிறுத்துங்கள். வேர்க்கும், வேறு வழியில்லை. 15 நிமிடத்துக்கு ஒருமுறை இடைவேளை விடலாம். பக்கத்தில் பிரிட்ஜ் இருந்தால் அதையும் நிறுத்தி, மோட்டார் சைக்கிள் திறப்பை அதற்குள் வையுங்கள். திரும்பப் போட மறக்கமாட்டீர்கள். கோயில் திருவிழா நாட்களில் பதிவே வைக்காதீர்கள். தூரத்து ஒலிபெருக்கிப் பாட்டு மெல்லியதாகத் தோன்றினாலும், ஒரு வசனத்தை வெட்டியதும் பாட்டு துள்ளிவிடும், கேட்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், வாய்க்கு நேரே அல்லாமல் சற்றுச் சரிவாக இருக்கட்டும். 'பருத்தித்துறை, புங்குடுதீவு, பண்ணைப் பாலம்' என்று சொல்லிப் பாருங்கள். 'ப' வரும் இடங்களில் காற்று மோதி 'டப்' என்று கேட்டால் இன்னும் சரியுங்கள். பதியும்போது ஒலியின் அளவைக் காட்டும் அளவுமானியில் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அளவில் நிற்க வேண்டும், 0 தான் மேல் எல்லை. 0-ஐத் தொட்டு உடைந்த ஒலி உடைந்ததுதான். ஃபோனில் பதிவதென்றால் ஃபிளைட் மோடில் போட்டு, ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பாகச் சேமியுங்கள். லப்டொப்பில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் கேட்டால் முதலில் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அது வயர் வழியே நுழைவது வழக்கம்.

வெளியே பதிவதானால், சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பண்ணைக் கடற்கரையில் ஸ்பொஞ்சு உறை மட்டும் போதாது; மயிர்போன்ற உறை வேண்டும். காற்றுக்கு முதுகு காட்டி நின்று, உடம்பாலேயே மைக்கை மறையுங்கள்.

இனிப் பேட்டி. எங்களுக்குள்ள பெரிய வியாதி, எதிராளி கதைக்கும்போது இடையிடையே 'ஓம், ஓம்' போடுவது. நேரில் அது மரியாதை. பதிவில் அவருடைய சொல்லின்மேல் விழுந்து, வெட்டமுடியாமல் நிற்கும். தலையை மட்டும் ஆட்டுங்கள். 'உங்களுக்குக் கவலையாக இருந்ததா?' என்று கேட்டால் 'ஓம்' என்ற ஒரே சொல்தான் பதிலாக வரும். 'அண்டைக்குக் காலமை என்ன நடந்தது?' என்று கேளுங்கள். பதில் முடிந்ததும் மூன்று விநாடி சும்மா இருங்கள். நல்ல வசனம் பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வரும். போக முன்னர் எல்லோரும் வாய்மூடி, அறையின் வெறும் சத்தத்தை 30 விநாடி பதியுங்கள். எடிட்டிங்கில் வெட்டிய இடைவெளிகளை அதுதான் நிரப்பும்.

உங்கள் அறிமுகத்தை எழுதி வாசிப்பதென்றால் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். 'தெரிவிக்கப்படுகின்றது' என்று எந்தப் பெரியம்மாவும் கதைப்பதில்லை. மூச்சு முட்டும் வசனத்தை இரண்டாக உடையுங்கள்.

எடிட்டிங்குக்கு ஓடாசிட்டி (Audacity) என்ற இலவச மென்பொருள் போதும். 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த உறுமலை வெட்டுங்கள். இரைச்சல் நீக்கியை 6 முதல் 12 டெசிபெல் வரை மட்டும் போடுங்கள், கூடினால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் குழறும். மூச்சுச் சத்தங்களை எல்லாம் துடைத்தெறிய வேண்டாம், ஆள் இயந்திரமாகிவிடுவார். மோனோவில், அதாவது ஒற்றைத் தடத்தில், ஒலியளவை மைனஸ் 19 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அலகு, LUFS) அளவில் வைத்து, 64 கே.பி.பி.எஸ். (kbps) எம்பி3 ஆக எடுங்கள். 20 நிமிட நிகழ்ச்சி 10 எம்.பி.க்குள் அடங்கும், டேட்டா குறைவானவரும் இறக்கிக் கேட்கலாம்.

வெளியிட முன் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, ஓடும் பஸ்ஸில் ஃபோன் ஸ்பீக்கரில் ஒருமுறை போட்டுக் கேளுங்கள். சொல் விளங்காத இடங்களைக் குறித்துக்கொண்டு வந்து, அவற்றை மட்டும் திருத்துங்கள்.