களி ஆறுவதற்குள் அவர் உட்கார வேண்டும்

வீட்டில் களி கிண்டுகிறவருக்குச் சூடான உருண்டை கிடைப்பது அரிது. எல்லோருக்கும் போட்டுவிட்டு உட்காரும்போது அது விறைத்திருக்கும். அதனால் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மனைவிக்கு ஒருநாள் சமைத்துப் போட நினைத்தால் பரோட்டா பார்சலை விடுங்கள். ராகிக் களியும் கீரைக் கடைசலும் போதும். கடைசலை முதலில் முடித்துவிடுங்கள். களி கடைசியில்தான்.

இருவருக்கு: கால் டம்ளர் துவரம்பருப்பைக் குழைய வேகவைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டு சிறுகீரை அல்லது அரைக்கீரையை மண் போக மூன்று தண்ணீரில் அலசி, இரண்டு நாட்டுத் தக்காளி, எட்டு சின்ன வெங்காயம், நாலு பச்சைமிளகாய், நாலு பல் பூண்டு, அரை ஸ்பூன் சீரகத்தோடு மூடாமல் வேகவையுங்கள். மூடினால் கீரை பழுப்பேறும். தக்காளி புளித்தால் புளி வேண்டாம். இல்லையென்றால் சுண்டைக்காய் அளவு, அதுவும் பருப்பு வெந்த பிறகுதான். புளிப்பு முன்னாலேயே சேர்ந்தால் பருப்பு வேகாது. கீரைத் தண்ணீரை வடித்துத் தனியே வையுங்கள். உப்பும் பருப்பும் சேர்த்து மத்தால் கடைந்து, கெட்டியாக இருந்தால் அந்தத் தண்ணீரை விடுங்கள். மிக்ஸி வேண்டாம், துவையல் ஆகிவிடும். கடலை எண்ணெயில் கடுகு, வரமிளகாய் தாளித்துக் கொட்டுங்கள்.

இனி களி. அடி கனமான பாத்திரம் எடுங்கள். மெல்லிய எவர்சில்வரில் அடி பிடிக்கும். மூன்று டம்ளர் தண்ணீர் கொதித்ததும் உப்பும், அரைமணி ஊறிய கால் டம்ளர் அரிசி நொய்யும் போடுங்கள். நொய் விரலில் நசுங்கும் வரை, பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேகட்டும். அரை டம்ளர் கஞ்சியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுப்பைக் குறைத்து, ஒரு டம்ளர் ராகி மாவை நடுவில் குவியலாகக் கொட்டுங்கள். கிண்டாதீர்கள். துடுப்புக் காம்பால் குவியலின் நடுவே அடிவரை ஒரு குழி குத்தி, பாத்திரத்தை மூடுங்கள். அந்தக் குழி வழியே கஞ்சி பொங்கி மேலே வந்து மாவை வேகவைக்கும். ஐந்தாறு நிமிடம் ஆகும். கை துறுதுறுத்து முன்னாலேயே கிண்டினால் மேல்மாவு நனைந்து உருண்டு, உள்ளே பச்சை மாவு சிக்கிக்கொள்ளும். கட்டி விழுவது இப்படித்தான்.

மனைவியைக் கூப்பிட வேண்டிய நேரம் இதுவே. கை கழுவி வருவதற்குள், பாத்திரத்தை இறக்கித் துணியால் இறுகப் பிடித்து, ஓரத்தில் அழுத்தி நசுக்கிக் கிண்டுங்கள். இறுகினால் எடுத்து வைத்த கஞ்சியைச் சூடாக விடுங்கள். பச்சைத் தண்ணீர் ஆகாது. தளர்ந்தால் மாவு தூவாதீர்கள், வாடை அடிக்கும். திறந்தபடியே சிறு தீயில் நாலு நிமிடம் கிண்டினால் இறுகும். பிறகு மூடி, சிறு தீயில் மூன்று நிமிடம் புழுங்கட்டும்.

ஈரக்கையால் தொட்டால் ஒட்டக் கூடாது. ஒட்டினால் வேகவில்லை, இன்னும் இரண்டு நிமிடம் வையுங்கள். ஈரமான கிண்ணத்தில் போட்டுச் சுழற்றினால் உருண்டை வழவழப்பாக விழும். நடுவில் குழித்து, கடைசலை ஊற்றி, முதல் தட்டை அவருக்கு வையுங்கள். தொட்டுக்கொள்ளப் பச்சை வெங்காயம். மாம்பழக் காலமானால் ஒரு செந்தூராவும் நறுக்கலாம்.

மிச்சக் களியைத் தண்ணீரில் போட்டு வைத்தால் காலையில் மோர் விட்டுக் கரைத்துக் குடிக்கலாம். களிப் பாத்திரத்தில் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். காய்ந்தால் சுரண்ட வேண்டியது நீங்கள்தான்.