புதுக் கட்டடமா, தெரு ரோடா? நகராட்சிப் பணத்தைப் பற்றிக் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நகராட்சிக்குப் புது அலுவலகக் கட்டடம் என்று மன்றத்தில் தீர்மானம் வந்தால் போதும், "எங்க தெருவுல ஜல்லி பெயர்ந்து கிடக்கு, இவங்களுக்கு மாளிகை கேக்குதா?" என்று கோபம் கிளம்பிவிடும். கோபம் நியாயமானதுதான். ஆனால் கேள்வியைத் தப்பாகக் கேட்டால் ஒரே வரியில் பதில் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

நகராட்சிப் பணம் எல்லாம் ஒரே பெட்டியில் இருப்பதாக நினைப்பதுதான் பெரிய தவறு. தமிழ்நாட்டு நகராட்சிகளில் வருவாய் மற்றும் மூலதன நிதி (பொது நிதி), குடிநீர் வடிகால் நிதி, கல்வி நிதி என்று தனித்தனிக் கணக்குகள் உண்டு. நாம் கட்டும் சொத்து வரியே இப்படிப் பிரிந்துதான் சேருகிறது. கல்வி நிதியில் பணம் தேங்கிக் கிடந்தாலும் அதைத் தார் ரோட்டுக்கு எடுக்க முடியாது. 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்கும் பரிந்துரைத்த மானியமும் அப்படித்தான். பெருநகரங்கள் தவிர்த்த மற்ற ஊர்களுக்கான தொகையில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று அது நிபந்தனை வைத்தது. மீதி 40 சதவீதத்தில்தான் ஊர்த் தேவைக்குக் கைவைக்கலாம் என்றது. அதனால் "கட்டடத்தை நிறுத்திட்டு ரோடு போடுங்க" என்றால் "அது வேற ஹெட்", அதாவது வேறு கணக்குத் தலைப்பு, என்ற பதில்தான் வரும்.

எந்த நிதி, அதில் மானியம் எவ்வளவு, கடன் எவ்வளவு, நகராட்சியின் சொந்தப் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள். கடன் என்றால் இன்னும் அழுத்திக் கேட்க வேண்டும். வருடா வருடம் கட்டும் தவணை பொது நிதியிலிருந்து போனால், குண்டு குழிக்கு ஒட்டுப் போடும் பணமும் அங்கிருந்துதான் வர வேண்டும். கட்டடமும் ரோடும் உண்மையிலேயே மோதிக்கொள்ளும் இடம் அதுதான்.

அடுத்து, அஜெண்டாவில் இருக்கும் எஸ்டிமேட் தொகையை முழுச் செலவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சுற்றுச்சுவர், லிஃப்ட், ஜெனரேட்டர், மேசை நாற்காலி எல்லாம் பின்னாடி திருத்திய மதிப்பீடாக வரலாம். மின் கட்டணமும் பராமரிப்பும் கட்டடம் இருக்கிற வரைக்கும். அதற்காக எந்தக் கட்டடமும் வேண்டாம் என்பதும் சரியில்லை. பிறப்புச் சான்றிதழுக்கு வந்த வயதானவர்கள் சாய்தளம் இல்லாத மாடிப்படியில் மூச்சு வாங்கி ஏறும் அலுவலகத்தை மாற்றித்தான் ஆக வேண்டும்.

ரோடு விஷயத்தில் எத்தனை கிலோமீட்டர் போட்டார்கள் என்று மட்டும் பார்ப்பது இன்னொரு தவறு. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே போட்டால் ஒரு தடவைக்கு 4 சென்டிமீட்டர் உயர்ந்தாலும் மூன்று தடவையில் 12 சென்டிமீட்டர். அதற்குள் வாசல்படி ரோட்டுக்குக் கீழே போய்விடும், மழைத் தண்ணீர் நடுவீட்டுக்கு வரும். பிறகு வாசலில் செங்கல் வைத்துத் தடுப்புக் கட்டுவதும் தரையை உயர்த்துவதும் நம் செலவு. இது எந்த நகராட்சிக் கணக்கிலும் வராத செலவு என்பதால்தான் எனக்கு ஆற்றாமை. பழைய மேற்பரப்பைச் சுரண்டிவிட்டே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். உங்கள் தெருவுக்கான எஸ்டிமேட்டில் மில்லிங் (பழைய தாரைச் சுரண்டி எடுப்பது) என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். குழாய், பாதாளச் சாக்கடை வேலை பாக்கி இருந்தால் அது முடிந்த பிறகு ரோடு கேளுங்கள். இல்லையென்றால் புது ரோட்டைத் தோண்டித்தான் குழாய் போடுவார்கள்.

டெண்டர் முடிந்த பிறகு போராடுவதில் பலன் குறைவு. பட்ஜெட்டுக்கு முன்பே கவுன்சிலரைப் பார்த்துக் கேளுங்கள். 2022 நவம்பர் 1 முதல் கிராம சபை போல நகர்ப்புறங்களிலும் பகுதி சபை நடக்கிறது; அங்கே எழுத்துமூலமாகக் கொடுங்கள்.

வேலை நடந்த பிறகு, செய்த வேலையின் அளவுகளைப் பதிவு செய்யும் அளவுப் புத்தகத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 10 ரூபாய் கட்டணம். நகலோடு நிற்க வேண்டியதில்லை. வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளின் மாதிரியைச் சான்றோடு எடுத்துக்கொள்ளவும் அதே 2005-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. மனுவில் அதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.