கொழும்பில் கலியாணப் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு: முகத்தைப் புதுக் கைகளில் கொடுக்காதீர்கள்

ரொறொன்ரோவிலோ லண்டனிலோ குளிர்காலம் முழுக்கப் பூசிய கெட்டிக் கிறீமைக் கொழும்பில் தொடவே வேண்டாம். பகலில் 30 பாகையைத் தாண்டும் வெக்கை, இரவிலும் குறையாத ஈரக் காற்று. அந்தக் கிறீமின் மேல் மேக்கப் போட்டால் வெள்ளவத்தையில் ஓட்டோ ஏறும் முன்பே மூக்கோரம் வழியத் தொடங்கிவிடும். தண்ணீர்த் தன்மையான ஜெல் வகை மொயிஸ்சரைசர் போதும். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 வீதத்துக்கும் கீழே இருக்கும். அதில் காய்ந்த தோல் கட்டுநாயக்கவில் இறங்கியதும் திடீரென்று வியர்க்கும், சிலருக்கு நெற்றியில் வேர்க்குரு போடும். அது அடங்க நாலைந்து நாளாவது விட்டு ஷூட்டை வையுங்கள்.

றெட்டினோல், பழ அமிலம் சேர்ந்த சீரம் பூசுகிறவர்கள் ஒரு கிழமைக்கு முன்பே நிறுத்த வேண்டும். திரெடிங், வக்சிங் எல்லாம் இரண்டு மூன்று நாள் முன்பு. பேசியல் பழக்கமானவர்கள் பத்து நாள் முன்பே செய்துகொள்ளலாம். பழக்கமில்லாதவர்கள் கலியாணத்துக்காக அதைத் தொடங்கக் கூடாது. புதிதாக எதைப் பூசுவதென்றாலும் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி 48 மணித்தியாலம் பாருங்கள். மேக்கப் செய்பவரின் பவுண்டேசனுக்கும் இது பொருந்தும்.

இதையெல்லாம் என் தங்கை ஒழுங்காகத்தான் செய்திருந்தாள். கலியாணத்துக்கு முன் எடுக்கும் பிறீ ஷூட்டுக்கு முதல் நாள் பெரியம்மா வந்தார். "என்ன பிள்ளை, இப்பிடிக் கறுத்துப் போனாய்? படத்தில முகம் எடுபடாது" என்றார். பக்கத்து ஒழுங்கையில் ஒரு பார்லரில் பிளீச்சுக்கும் பேசியலுக்கும் காசு கட்டிவிட்டே வந்திருந்தார். வேண்டாம் என்று இருவரும் சொன்னோம். தோல் பொறுக்காது, நாளைக்குப் படம் என்று விளங்கப்படுத்தினோம். அவர் குரல் தணிந்து, "உங்கட அம்மம்மாவை நான் தானே கடைசி வரைக்கும் வைச்சுப் பார்த்தன். இதைக் கூட எனக்காகச் செய்ய மாட்டீங்களோ?" என்றார். அம்மம்மாவின் செத்தவீட்டுக்கு நாங்கள் இருவருமே போகவில்லை. தங்கை ஒன்றும் பேசாமல் எழும்பிச் செருப்பைப் போட்டாள்.

அந்தப் பார்லரில் முதலில் திரெடிங் செய்தார்கள். நூல் இழுத்துச் சிவந்திருந்த மேலுதட்டின் மேலேயே உடனே பிளீச்சைப் பூசினார்கள். எரிகிறது என்று தங்கை சொன்னபோது, எரிந்தால்தான் வேலை செய்கிறது என்றார்களாம். இது முழுப் பிழை. பிளீச்சில் இருப்பது ஹைட்ரஜன் பெரொக்சைட்டும் அமோனியாவும். அது முகத்து மயிரின் நிறத்தைத்தான் வெளிறச் செய்கிறது, தோலுக்குக் கிடைப்பது எரிவு. எரிந்தால் அந்த நிமிடமே கழுவ வேண்டும். எங்களைப் போன்ற மாநிறத் தோலில் காயமும் எரிவும் ஆறும்போது கறுப்பு அடையாளத்தை விட்டுச் செல்லலாம், அது மறைய மாதக்கணக்காகும்.

விடிய மேலுதடு வீங்கி, கன்னத்தில் பொரிப்பொரியாக எழும்பியிருந்தது. சுதந்திர சதுக்கத்தில் அந்த வடிவான காலை வெளிச்சத்தில் பவுண்டேசன் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. படப்பிடிப்பாளர் பாவம், அவளை ஒரு பக்கமாகவே திருப்பித் திருப்பி எடுத்தார். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அந்தப் பார்லரில் மட்டுமல்ல, மாநிறத்தைக் குறையாகப் பார்க்கிற எங்கள் வீட்டுப் பேச்சிலும்தான் கோபம்.

பார்லருக்குப் போக மறுத்தால் அடுத்ததாகக் கைக்கு வருவது வெள்ளையாக்கும் கிறீம். உறையில் என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதாத டப்பாவை யார் தந்தாலும் பூசாதீர்கள். இவற்றில் சிலவற்றில் பாதரசம் இருக்கும், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிலவற்றில் ஸ்டீரொயிட் இருக்கும். முதலில் முகம் பளிச்சென்றிருக்கும், விட்டதும் சிவந்து எரியும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கை 2020 ஐக் கெடுவாக வைத்து, பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுப் பொருட்களின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் தடை செய்தது. ஆனாலும் அவை இன்னும் கடைகளில் அகப்படுகின்றன.

ஷூட் காலையில் மென்மையான கழுவியால் முகம் கழுவுங்கள், ஸ்கிறப் போட்டுத் தேய்க்க வேண்டாம். ஈரம் முற்றாகக் காயும் முன் மொயிஸ்சரைசரை மெல்லிசாகப் பூசி, ஐந்து பத்து நிமிடம் சும்மா இருங்கள். அப்புறம் சன்ஸ்கிறீன், அதற்கும் அதே இடைவெளி. மேக்கப்புக்கு அடியில் பூசும் பிறைமர் கடைசியில். அவசரத்தில் ஒன்றின் மேல் ஒன்று பூசினால் ரப்பர்த் தூள் மாதிரித் திரண்டு உருளும். கழுத்தையும் காதையும் சேலைச் சட்டைக்கு வெளியே தெரியும் முதுகையும் விட்டுவிடாதீர்கள்.

வெளியில் எடுக்கும் படத்துக்கு எந்தச் சன்ஸ்கிறீனும் சரி. இரவு மண்டபத்தில் பிளாஷ் அடிக்கும்போது சில சன்ஸ்கிறீன்களில் இருக்கும் சிங்க் ஒக்சைட்டும் டைட்டேனியம் டையொக்சைட்டும் வெளிச்சத்தைத் திருப்பி அடித்து முகத்தைச் சாம்பல் பூசியதுபோல் காட்டலாம். இருட்டறையில் போன் பிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

நேரம் காலை ஆறரையிலிருந்து எட்டு வரை, இல்லாவிட்டால் மாலை நாலரைக்குப் பிறகு. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர மழை வரும் என்பதால் காலையே நல்லது. காலி முகத்திடலில் உப்புக் காற்று பிசுபிசுக்கும். வியர்வையை டிஷுவால் ஒற்றி எடுங்கள், அதன் மேல் பவுடர் அப்பாதீர்கள்.

உங்கள் வீட்டுப் பெரியம்மாவிடம் போன் கதைக்கும்போதே முகத்தில் ஒன்றும் செய்யப் போவதில்லை என்று சொல்லிவிடுங்கள். வந்து இறங்கிய பிறகு சொன்னால் எடுபடாது. ஆனால் அதோடு நிற்காமல், சேலைக்குப் பொருத்தமான சட்டைத் துணி எடுக்கவும் பூமாலைக்குச் சொல்லவும் அவரைத்தான் கூட்டிப்போகச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளைக்கு ஏதாவது செய்துவிட வேண்டும் என்றுதான் எங்கள் பெரியம்மாவும் அந்தக் காசைக் கட்டினார்.